ஒன்பதாம் பக்கம்

பூலிகல்
3 ஜூன் 2019

அப்பா,

இங்க போன் எடுக்காது, அதான் கடுதாசி. பத்து நாளா மெர்ல் க்ரோல் பண்ணையில ஆட்டு ரோமம் அள்ளுறேன். இருபத்திரண்டு வருஷமா நீங்க கணக்குப் பாக்கற அதே அம்மாதான். டீ நேரத்துல பழைய பத்திரம் ஒண்ணை நீட்டினாங்க.

"கணக்குப் படிச்சவதானே டீகன், இதுல என்ன இருக்குன்னு சொல்லு. என் பசங்க கேக்குறானுங்க."

"பாதியில ஓடிவந்தவ நான்."

"ஓடிவந்தா எழுத்துமா மறந்துபோச்சு?"

படிச்சேன். நிலம் பூரா குடும்ப டிரஸ்ட் பேர்ல இருக்கு. ஒன்பதாம் பக்கத்துல, நாப்பது வருஷத்துல டிரஸ்ட் முடியும்னு போட்டிருக்கு. ஆரம்பிச்சது 1979. இந்த ஜூன் 30 தான் கடைசி! அதுக்கப்புறம் நிலம் பிள்ளைங்களுக்குப் போகும். அப்படிக் கைமாறினா வர்ற வரியைக் கட்டவே பாதியை விக்கணுமே? நீங்க இதைப் படிச்சதே இல்லையா?

டீகன்

டெமோரா
7 ஜூன்

அன்புள்ள டீகன்,

அம்மா கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள். போட்டுக்கொள்.

எனக்கு முந்தி இருந்த கணக்கர் எழுதிவைத்த ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்துத்தான் இத்தனை வருஷமும் ஓட்டினேன். பயப்படாதே. டிரஸ்ட் முடியும் தேதியைத் தள்ளிப்போட்டு நானே ஒரு தாள் டைப் அடித்துவிட்டேன். சிட்னியிலிருந்து டிரஸ்ட் வக்கீலைக் கூப்பிட்டால் மெர்ல் என்ன நினைப்பாள்? படிப்பைப் பாதியில் விட்டவள் எனக்குப் பாடம் நடத்தாதே.

அப்பா

பூலிகல்
12 ஜூன்

அப்பா,

பாடம் இல்ல. ரோமம் வெட்டுற கொட்டகைச் சேதி.

இங்க டாஸ்னு ஒருத்தன், ஒரு நாளைக்கு இருநூறு ஆடு கத்தரிக்கிறான். ஆனா அவன் கத்திக்கு அவன் சாணை பிடிக்கமாட்டான். அதுக்குன்னே ஓரமா ஒருத்தர் உக்காந்திருக்கார். "ஏன், உனக்குத் தெரியாதா?"ன்னு சீண்டினேன். "தெரியும்டி. சுமாரா தெரியும். சுமாரா சாணை பிடிச்சா ஆட்டுத் தோலு கிழியும்"ங்கறான்.

உங்க தாளு சுமாரா, சரியா? யாரைக் கேட்டா தெரியும்?

காலுறை சூப்பர்.

டீகன்

டெமோரா
24 ஜூன்

அன்புள்ள டீகன்,

மூன்று நாள் உன்னைத் திட்டினேன். நாலாம் நாள் சிட்னி டிரஸ்ட் வக்கீல் ரோவீனாவுக்குப் போன் போட்டேன். என் தாளைப் படித்துவிட்டு, "இது செல்லாது சார். பத்திரத்தை மாத்துற அதிகாரம் மெர்லுக்கு இல்ல, அவங்க அண்ணனுக்குத்தான். பதினோராம் பக்கம்" என்றாள். அண்ணனுக்குத் தொண்ணூற்றொன்று, ஹே ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நல்லவேளை, நினைவு தெளிவு. இன்னொரு வரியில் ரோவீனாவுக்கே சந்தேகம். "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று கூசாமல் சொன்னாள்! கேட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவள் எழுதிய புதுத் தாளில் அண்ணன் கையெழுத்து ஆயிற்று. நிலம் தப்பித்தது.

மெர்லிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "என் காளைக்கு நோவுன்னா நானும் வைத்தியரைத்தானே கூட்டியாறேன் நெவில்? இதுக்குப் போயி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு!" என்றாள்.

ரெண்டு வருஷம் பாடம் புரியாமல் தவித்தவள் என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று உன்மேல் கோபம் இருந்தது. 'தெரியாது' என்று ஒருவர் சொல்லி நீ இந்த வீட்டில் எங்கே கேட்டிருக்கிறாய்?

வெட்டின ரோமத்தை மேசைமேல் வீசினால் ஒரே விரிப்பாக விழுமாமே, மெர்ல் சொன்னாள். உனக்கு நன்றாக வருகிறதாம். எங்கே பிடித்து வீசுவாய்? எனக்குத் தெரியாது. எழுது.

அப்பா