நகரசபை வாசலில் ஜெபித்தவருக்கு

என் அன்பான இஞ்சருங்கோ,

வாழ்ந்த காலம் முழுக்க உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது பெயரைச் சொல்லி எழுதக் கை வரவில்லை.

வியன்னாவுக்குப் போய்விட்டு வந்தேன். ஆண்டவருக்கு நீங்கள் நேர்ந்த பொருத்தனையைச் செலுத்தத்தான் போனேன். எனக்கு வந்திருக்கிற எரிச்சலை வேறு யாரிடம் கொட்டுவது? அன்றைக்கு அந்த வாசலால் போய்வந்த ஆட்களில் ஒருவரிடமாவது, இது என்ன இடம் என்று நீங்கள் கேட்டிருக்கக்கூடாதா?

இங்கே டென்மார்க்கில், எங்கள் ரண்டர்ஸ் சபையில், ஆண்டவர் வழிகாட்டினதைப் பற்றி நீங்கள் சொல்லும் சாட்சியைக் கேட்காதவர்கள் இல்லை. ஊரிலிருந்து கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு உங்களை வியன்னாவில் நடுத்தெருவில் விட்டுப் போனான். மார்கழிக் குளிரில் நடந்து நடந்து, ஐந்து கோபுரங்கள் உள்ள பெரிய தேவாலயம் ஒன்றைக் கண்டீர்கள். உள்ளே பாட்டுக்குழு கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. வாசல் தூணடியில் முழங்காலில் நின்று, 'என் மனைவியைத் திரும்பக் காணவைத்தால் இதே இடத்துக்கு வந்து நன்றி சொல்லுவேன்' என்று அழுதீர்கள். கண் திறக்கமுன் பின்னாலிருந்து ஒருவர், "அண்ணை, தமிழோ?" என்று கேட்டார். அவர்தான் சோறு தந்து, டென்மார்க்குக்கு வழி காட்டி அனுப்பினார். கோபுரத்து உச்சியில் ஈட்டியோடு நின்றது மிகாவேல் தூதன் என்று வேறு சொல்வீர்கள். சபை ஆமென் சொல்லும்.

போவோம் போவோம் என்றீர்கள். ஒரு வருடம் பக்டரியில் லீவு இல்லை, ஒரு வருடம் சபைக் கட்டடத்துக் கூரை, ஒரு வருடம் மகளின் பள்ளிக்கூடச் சோதனை. போன வருடம் உங்கள் இருதயம் நின்றுவிட்டது. பொருத்தனை என் தலையில் விழுந்தது.

மகள் எஸ்தர்தான் எல்லா ஒழுங்கும் செய்தாள். சில்க்போர்க்கில் வேலையும் வீடுமாக இருக்கிறவள், சபைப் பக்கம் வந்து எத்தனை காலம் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து கோபுரம், உச்சியில் ஈட்டிக்காரன் என்று நீங்கள் சொன்னதை வைத்தே போனில் படத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சபையை நடத்துகிற ஊழியக்காரர் எனக்காக ஜெபித்து, வந்ததும் சாட்சி சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நீங்கள் சொன்னது போலவே இருந்தது. அந்தக் கோபுரங்களும் கூர் வளைவுகளும் கல்லில் செதுக்கிய பூக்களும். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பைபிளையும் எடுத்து நடக்கத் தொடங்க, எஸ்தர் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பொறுங்கோ. இது சேர்ச் இல்லை. ரோட்ஹூஸ்."

ரோட்ஹூஸ். நகரசபை. ரண்டர்ஸில் நாங்கள் விலாசம் மாற்றப் போய் வரிசையில் நிற்போமே, அந்த அலுவலகம். கந்தோர்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"படத்தைக் கண்டுபிடிச்ச அண்டைக்கே தெரியும். சொன்னா நீங்கள் வந்திருக்கமாட்டியள்."

அதற்குமேல் அவள் டெனிஸில் ஏதேதோ சமாதானம் சொன்னாள். நான் முன்னாலிருந்த பூங்காவில் ஒரு வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். அவள்மேல் கோபம், உங்கள்மேல் கோபம், அதைக் கட்டினவன்மேலும் கோபம். குப்பை எடுக்கிறதையும் தண்ணீர் வரியையும் பற்றிக் கதைக்கிற இடத்துக்கு எதற்கு இத்தனை கோபுரம்?

வந்ததற்கு உள்ளேயாவது பார்ப்போம் என்று எஸ்தர் பின்பக்கத்து வாசலால் கூட்டிப்போனாள். சுற்றிக்காட்ட ஒரு பெண் வந்தார். அவர் ஜெர்மனில் சொல்ல, எஸ்தர் காதில் மாட்டின கருவியில் ஆங்கிலத்தில் கேட்டு, அதை எனக்குத் தமிழும் டெனிசுமாகச் சொன்னாள். அகன்ற படிக்கட்டுகள், முடிவில்லாத ஒரு மண்டபம், தொங்கும் பெரிய விளக்குகள். பிரசங்க மேடை மட்டும்தான் இல்லை. மார்கழியில் பாட்டுக்குழுக்கள் இங்கே வந்து பாடுவது வழக்கமாம். பக்கத்தில் ஒரு தேவாலயம் இருப்பதால், அதைவிட உயரமாகக் கட்டக்கூடாது என்று அந்தக் காலத்து அரசர் சொன்னாராம். கோபுரத்தைச் சற்றுத் தாழ்த்திக் கட்டிவிட்டு, உச்சியில் இரும்பு மனிதனை ஏற்றி நிறுத்திவிட்டார்களாம். உங்கள் மிகாவேல் தூதன் அவன்தான். ஈட்டியில் கொடி கட்டிப் பிடித்த காவற்காரன்.

இன்னும் கேளுங்கள். அந்தத் தேவாலயம், அரசர் கொலையாளி ஒருவனிடமிருந்து உயிர் தப்பியதற்கு நன்றியாகக் கட்டினது. நடந்துபோகிற தூரம். நன்றி சொல்வதற்கென்றே கட்டின இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் போய் நகரசபையில் முழங்கால் போட்டீர்களே!

அங்கே போய்ச் சொல்லலாம், ஒருவருக்கும் தெரியாது என்றாள் எஸ்தர். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பாதி வழி நடந்தும் விட்டேன். பிறகு கால் நின்றுவிட்டது. நீங்கள் வாக்குக் கொடுத்தது 'இதே இடத்துக்கு' என்று. அந்தக் குரல் வந்ததும் அந்த இடத்தில்தான். அழகான தேவாலயத்தில் நன்றி சொன்னால் என் மானம் தப்பும். உங்கள் வாக்கு?

திரும்பினேன். முன்வாசல் தூணடியில் முழங்காலில் நின்றேன். என் முழங்கால் இருக்கிற நிலைமை உங்களுக்குத் தெரியும். பைல் கட்டோடு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வார்த்தை சொல்லமுன் காவலாளி வந்துவிட்டார். எஸ்தர் பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மனில் அவரோடு ஏதோ கதைத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். நான் உங்களுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடித்தேன்.

என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.

"எங்கடை அப்பா இங்கை தொலைஞ்சு நிண்டவர், இங்கைதான் அவரைக் கண்டெடுத்தவை எண்டு சொன்னனான்."

நீங்கள் இத்தனை வருடம் நீட்டி முழக்கின சாட்சி, அவள் வாயில் ஒரு வசனம். எனக்கு அழுகையும் வந்தது, அதிலும் ஓர் எரிச்சல் வந்தது.

இங்கே வந்தால் அடுத்த தலையிடி. ஊழியக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர், "ரோட்ஹூஸ் கதையை விடுவம் அக்கா. 'அந்த இடம்' எண்டு மட்டும் சொல்லுங்கோ, சனம் விசுவாசத்திலை இடறிப்போகும்" என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு எழுந்து நின்றதும் என்னால் முடியவில்லை. நகரசபை என்றே சொன்னேன். ஊழியக்காரர் நிலத்தைப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து முதல் சிரிப்பு வந்தது. எஸ்தர். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்க வந்திருக்கிறாள். அதோடு சபை முழுக்கச் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்தார்கள். ஊரைவிட்டு வந்த வழியில் தான் ஜெபித்தது ரயில் கக்கூசுக்குள் என்றார் ஒருவர். பொலிஸ் அடைத்துவைத்த கூட்டுக்குள் என்றார் இன்னொருவர். இறைச்சி லொறிக்குள், மாட்டுத் தொடைகளுக்கு நடுவில் என்று ஒரு அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். மேடையில் இவர்கள் ஒருவரும் இதையெல்லாம் சொன்னதில்லை. ஊழியக்காரரும் கோப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி வருடாவருடம் இந்தச் சாட்சியைச் சொல்லவேண்டியவள் நான். சொல்லுவேன், வாக்குத் தருகிறேன். ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், ஒரு சொல்லும் குறைக்கமாட்டேன். நகரசபை நகரசபையாகவே இருக்கும். உங்களுக்கு வெட்கமாக இருந்தால் அங்கே உங்கள் பக்கத்தில் இருக்கிற ஆண்டவரிடம் முறையிடுங்கள். கோயிலா கந்தோரா என்று பாராமல் உங்களுக்குச் செவிகொடுத்தவர் அவர்தானே.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனுசி