பூட்டிய போனுக்கே கதவு திறக்கும்

நாள் 61, 06:20

பனிக்கிணறு நான்கு, நிலவின் தென்முனை. பதிவு: ஜெசிந்தா மச்சாது, சாதனப் பராமரிப்பாளர். நிலையத்தில் நான் ஒருத்திதான்.

துளைக்கருவி ஓடுகிறது. நேற்று எடுத்த பனி 212 கிலோ. காற்று இயந்திரம் சரி. கரியமில வாயு 0.4 சதவீதம். நிலையப் போனுக்குப் புதிய பதிப்பு வந்து தானாகவே ஏறிக்கொண்டது. என்னைக் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதில்லை.

நாள் 61, 14:05

காற்று இயந்திரம் நின்றது. போனில் அதற்கான ஆப் மூடிக்கொண்டுவிட்டது. திறந்தேன், ஓடியது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி நின்றது. இந்த முறை இருபது நிமிடம் இயந்திரம் ஆறிய பிறகுதான் மறுபடி கிளம்பியது.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே காற்று, தண்ணீர், கதவு எல்லாவற்றுக்கும் சாவி ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன். சுவரில் பொத்தான் கிடையாது. கதவில் கைப்பிடி கிடையாது. கைப்பிடி வைத்தால் எடை கூடுமாம். இதை யோசித்தவன் வீட்டுக் கதவில் நிச்சயம் கைப்பிடி இருக்கும்.

நாள் 62, 06:15

தொடர்புக்கோள் தலைக்கு மேல் வருவது நாளுக்கு இரண்டு முறை, 06:10க்கும் 18:10க்கும். ஐம்பது நிமிடம் பேசலாம். சேவை மையத்தில் கோகுலவாசன் என்ற ஆள் எடுத்தார்.

"ஏனுங் மேடம், போனை ஒருக்கா அணைச்சுப் போட்டுப் பாத்தீங்ளா?"

"பதினாலு தடவ போட்டாச்சு. பழைய பதிப்ப அனுப்பும்."

"பழசுக்குப் போறதுக்கு விதியில்லீங். புகார் எழுதிக்கறனுங். மூணு நாள்ல பதில் வருமுங்."

மூன்று நாளாம். நாற்பது நிமிடம் ஓட்டம், இருபது நிமிடம் ஓய்வு, பிறகு என் கையால் ஒரு தட்டு. இரவும் பகலும் இதுதான் என் வேலை. இப்படியே ஓட்டினால் வாயு 1.9 சதவீதத்தில் நிற்கிறது. தலைவலி. சாக மாட்டேன், தூங்கவும் மாட்டேன்.

நாள் 62, 16:40

பழைய பதிப்பு கணினியில் கிடக்கிறது. ஏற்ற வேண்டுமென்றால் பூட்லோடரைத் திறக்க வேண்டும். பூட்லோடர் என்பது போன் கண் விழிக்கும்போது முதலில் எழுந்துகொள்ளும் காவல்காரன். நிறுவனத்தின் முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடமாட்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

தூத்துக்குடியில் ஆறு வருடம் போன் கடையில் இருந்தவள் நான். இந்தப் பூசாரிகளைக் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன். திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். அதனால் இந்தப் பதிவை, முந்தைய நாட்களையும் சேர்த்து, துளைக்கருவி அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நாள் 63, 09:30

பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டி மறைவான அமைப்புகளைத் திறந்தேன். பூட்டு நீக்க அனுமதி என்ற வரி அங்கே இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில். தொட்டால் அசையவில்லை. 06:10க்குத் தொடர்பு வந்ததும் உயிர் பெற்றது. தட்டினேன். 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்லிற்று. அதற்குள் போனை அணைத்தால் கணக்கு முதலிலிருந்து.

ஏழு நாள். போன் திருடனைத் தடுக்கிற விதியாம். நிலவுக்கு வந்து போன் திருடுகிறவன் யார் என்று எனக்கும் ஆவல்தான்.

நாள் 63, 13:10

கணினி போனைப் பார்க்கவே இல்லை. 'சாதனத்துக்காகக் காத்திருக்கிறது' என்று ஒரே வரி. கணினியில் போனுக்கான டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். கேபிள் செருகும் துளையை மாற்றினேன். கடைசியில் குற்றவாளி கேபிள். மின்சாரம் மட்டும் கடத்தும் மலிவுச் சரக்கு, தகவல் போகாது. துளைக்கருவியின் கேமராவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டினேன். பார்த்தது.

நாள் 67, நேரம் தெரியவில்லை

தட்டு. நாற்பது. தட்டு. நாற்பது. புகாருக்குப் பதில் வந்தது: "உங்கள் பொறுமைக்கு நன்றி." எனக்குப் பொறுமை இருப்பதாக யார் சொன்னது?

நாள் 70, 06:50

168 முடிந்தது. போனை ஃபாஸ்ட்பூட் என்ற பழுதுபார்ப்பு நிலையில் எழுப்பி, கணினியிலிருந்து கட்டளை கொடுத்தேன். திறக்கவா என்று கேட்டது. ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் அழிந்தது. திரையில் ஆரஞ்சு எச்சரிக்கை: இந்தச் சாதனம் நம்பத்தக்கதல்ல.

நீ யோக்கியமா?

நாள் 70, 08:15

பழைய பதிப்பு ஏறிவிட்டது. நிலையக் குறியீட்டைப் போட்டுப் போனை மறுபடி சாவியாக்கினேன். இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது. வாயு இறங்குகிறது. அழுதேன், அதை மறைக்க இங்கே யாருமில்லை. தூங்கப் போகிறேன்.

நாள் 71, 06:12

"மேடம், உங்க போன் பூட்டு நீக்குனதா இங்க செவப்பு விளக்கு எரியுதுங். மணவாளன் சார் நேர்ல வர்றாருங். மேல சுத்தற தளத்துல இருந்து கெளம்பிட்டாருங்."

மணவாளன் யார் என்று தெரியும். புதிய பதிப்பின் அடியில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருப்பவர். சிறப்பு ஆய்வாளர். இயந்திரம் நின்று நின்று ஓடிய ஒன்பது நாளும் வராதவர், இயந்திரம் ஓடியதும் வருகிறார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை.

நாள் 74, 05:35

அவருடைய கலம் இறங்கி நிலையத்தின் கதவில் பொருந்தியது. போனில் கதவைத் திற என்று தட்டினேன்.

'நம்பத்தகாத சாதனம். பூட்டிய போனுக்கே கதவு திறக்கும்.'

மறுபடி தட்டினேன். அதே வரி. பூட்டை நீக்கிய பிறகு நான் வெளிக்கதவைத் திறக்கவே இல்லை. இது எனக்குத் தெரியாது.

நாள் 74, 05:50

கலத்தோடு வானொலியில் பேசினேன். அவர் போனை வைத்துத் திறக்கலாமா என்று பார்த்தோம். அது இந்த நிலையத்தில் பதிவான போன் அல்ல, குறியீட்டை ஏற்கவில்லை. கலத்தில் காற்று 12:30 வரை. திரும்பிப் போக எரிபொருள் இல்லை, இங்கே நிரப்பினால்தான் உண்டு.

"இங்க பாருங்க ஜெசிந்தா, போனைத் திரும்பப் பூட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"பழைய பதிப்போட பூட்டுனா போன் செங்கல்லாயிரும் சார். முத்திரை பொருந்தாது, எழும்பவே செய்யாது. கதவும் போச்சு, காத்தும் போச்சு."

"அப்போ புதுசை ஏத்திட்டுப் பூட்டுங்க."

"ஏத்துனா காத்து இயந்திரம் நாப்பது நிமிசத்துக்கு ஒருக்க நிக்கும். ஒரு ஆளுக்குத் தாங்கும், ரெண்டு ஆளுக்குத் தாங்காது. திரும்பத் திறக்க ஏழு நாளாவும். நீரு கையெழுத்துப் போட்ட பதிப்புதான அது?"

நாள் 74, 06:30

கோகுலவாசனைக் கேட்டேன். வழி ஒன்று இருக்கிறது. ஆய்வாளர் 'பதிப்பில் கோளாறு' என்று எழுதிக் கையொப்பமிட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால், பூட்டாத போனையும் கதவு ஏற்கும். ஆனால் தொடர்புக்கோள் இருக்கும்போதே அது போய்ச் சேர வேண்டும். தரையிறங்கிய கலத்தில் கோளோடு பேசும் ஆன்டெனா இல்லை, என் வழியாகத்தான் போக வேண்டும். 07:00 வரை நேரம்.

"கோளாறுன்னு நான் எழுத முடியாதும்மா. எழுபது நிலையத்துல அதே பதிப்பு ஓடுது. நீங்க கேபிளைக் குத்திக் கெடுத்ததுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"என்னவே பேசுதீரு? ஒம்பது நா ராத்திரி உறங்காம கெடந்தவ நானு. கெடுத்தது யாரு? ஒரு வரி எழுதும். எழுதாட்டி அங்கனயே கெடயும்."

சொல்லிவிட்டு வானொலியை அணைத்தேன். கொஞ்சம் வேகட்டும் என்று நினைத்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

நாள் 74, 07:04

06:58க்கு வானொலியைப் போட்டேன்.

"...ஜெசிந்தா, கேக்குதா? எழுதிட்டேன், அனுப்பிட்டேன், வாங்கிக்குங்க, ஜெசிந்தா..."

06:45லிருந்து கூப்பிட்டிருக்கிறார். வாங்கி, சரிபார்த்து, மேலே தள்ளுவதற்குள் 07:00. பாதி போனபோது தொடர்புக்கோள் மறைந்தது. இனி 18:10. அவர் காற்று 12:30.

அவர் பிடிவாதம் அரை மணி நேரத்தைத் தின்றது. என் ஆத்திரம் மிச்சத்தைத் தின்றது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன்.

நாள் 74, 09:40

கணக்கு இப்படி. போனைப் பூட்டாவிட்டால் அவர் சாவார், எனக்கு ஒன்றும் ஆகாது. புதிய பதிப்பை ஏற்றிப் பூட்டினால் கதவு திறக்கும், அவர் பிழைப்பார். ஆனால் இரண்டு பேர் மூச்சுக்கு இயந்திரம் போதாது. நாளைக் காலை ஐந்து மணிக்குள் வாயு ஐந்து சதவீதத்தைத் தாண்டும். 18:10க்கு அவர் கேட்டால், 168 மணி நேரத்தை ரத்து செய்து உடனே திறக்க விடுவார்கள். விடுவார்களா? அந்தச் சேவை மையத்தை நம்பியா?

அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. இனியும் பிடிக்காது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் மூச்சுத் திணறுவதைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

நாள் 74, 11:20

புதிய பதிப்பை ஏற்றினேன். போனில் பதிப்பை வைக்க இரண்டு அறைகள் உண்டு, இரண்டிலும் ஏற்றினேன். ஒன்றில் பழையது மிச்சமிருந்தாலும் செங்கல்தான். ஒருமுறை எழுப்பிப் பார்த்தேன். எழுந்தது. அதன் பிறகுதான் பூட்டச் சொன்னேன். பூட்டவா என்று கேட்டது. அழுத்தினேன்.

மறுபடி எல்லாம் அழிந்தது. ஆரஞ்சு எச்சரிக்கை போய்விட்டது. போன் யோக்கியமாகிவிட்டது. கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் நன்றி சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. காற்று இயந்திரம் 12:00க்கு நின்றது. தட்டினேன்.

நாள் 74, 18:14

தொடர்பு வந்தது. முதலில் வந்தது சேவை மையத்தின் தானியங்கிச் செய்தி.

"உங்கள் சாதனம் பூட்டிய நிலையில், புதிய பதிப்பில் இயங்குகிறது. கோளாறு இல்லை. உங்கள் புகார் தீர்க்கப்பட்டதாக மூடப்படுகிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

போன் பூட்டியிருந்தால் புகாரை மூடிவிடலாம் என்ற விதியை எழுதியது தான்தான் என்று மணவாளன் சொன்னார். மாதக் கடைசியில் திறந்த புகார்கள் கண்ணை உறுத்தாமல் இருக்க. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை இடிக்கிறது. வாயு 2.3.

நாள் 74, 19:02

புதுப் புகார் போட்டோம். அவர் கையெழுத்தோடு.

"சார் கையெழுத்து வந்துருச்சுங். ஆனா 168 மணியக் கொறைக்கறதுக்கு மேலிடம் ஒப்புதல் தரோணுமாமுங். காலைல 06:10க்கு வாங்கிக் குடுத்தர்றனுங். அது வரைக்கும் பாத்துக்குங்க மேடம்."

"ஐஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேரும் செத்துருவோம்னு மேலிடத்துட்ட சொல்லும்!"

பதில் வருவதற்குள் தொடர்பு போயிற்று.

நாள் 74, 19:45

புதிய பதிப்போடு அந்த ஒன்பது நாளை எப்படித் தாக்குப்பிடித்தேன் என்று மணவாளன் கேட்டார். சொன்னேன். நாற்பது, இருபது, தட்டு. ஒரு ஆளுக்கு 1.9க்கு மேல் ஏறாது, எத்தனை நாளானாலும் ஓட்டலாம் என்று நானே சொன்னேன். பெருமையாக வேறு சொன்னேன். ஒரு ஆளுக்குத்தானே என்று அவர் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

பிறகு குரல் மாறிவிட்டது. தட்டுகிற வேலையை முறை வைத்துக்கொள்ளலாம், முதல் முறை தன்னுடையது என்றார். நான் களைத்துப்போய்விட்டேனாம். உள்ளறையில் படுக்கச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டால் இயந்திரச் சத்தம் கேட்காதாம். போனை வாங்கிக்கொண்டார். தட்டுவதற்குப் போன் வேண்டுமே, கொடுத்தேன்.

உள்ளறைக் கதவுக்கும் அங்கே போகும் காற்றுக்கும் அந்தப் போன்தான் சாவி. கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. திருப்பிக் கேட்டேன். தூங்கி எழுந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வாயு 2.7. கண் சொருகுகிறது. எழுத்து கோணுகிறது. அவர் அப்படிச் செய்ய மாட்டார். நான் கதவைத் திறந்துவிட்டேனே. உள்ளறைக்கு வந்துவிட்டேன். இந்தத் தாள்களை இங்கே காற்றுச் சல்லடையின் மூடிக்குப் பின்னால் செருகப் போகிறேன். சல்லடையைக் கழற்றத் தெரிந்த யாராவது வருவீர்கள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் சாத்தவி

நாள் 75, 06:25 (நிலையத்தின் மின்பதிவு)

பதிவு: சிறப்பு ஆய்வாளர் மணவாளன். நிலையத்தில் ஒருவர்.

பராமரிப்பாளர் ஜெசிந்தா மச்சாது உள்ளறையில் கரியமில வாயு மிகுதியால் காலமானார். காரணம்: நிலையப் போனின் பூட்டை அனுமதியின்றி நீக்கியது. போன் தற்போது பூட்டிய நிலையில், புதிய பதிப்பில் உள்ளது. காற்று இயந்திரம் போதுமான அளவு இயங்குகிறது. நேற்று அனுப்பிய கையொப்பம் நிர்ப்பந்தத்தின் பேரில் பெறப்பட்டது, திரும்பப் பெறப்படுகிறது.

06:11 வரவு: "மேடம், ஒப்புதல் கெடச்சிருச்சுங்! ராத்திரி பூரா ஒக்காந்து வாங்கிட்டனுங். ஏழு நாள் காக்க வேண்டாமுங், இப்பவே தொறந்துக்கலாமுங். மேடம்? கேக்குதுங்ளா?"

06:13 பதில்: "தேவைப்படவில்லை. புகாரை மூடலாம்."