வலிக்குப் பால்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

"வயித்து வலி விடலைன்னா சூடா ஒரு டம்ளர் பால் குடிம்மா, சரியாயிடும்" என்று நேற்று போனில் சொன்னீர்கள். அந்தப் பாலால்தான் வலியே என்று நான் சொல்லவில்லை. "சரிப்பா" என்றேன்.

பாலில் இருக்கும் சர்க்கரை எனக்குச் செரிப்பதில்லை என்று போன வாரம் டாக்டர் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, பாலை விட்டால் போதும். சின்ன வயதிலிருந்து வலி வந்தால் பால், பால் குடித்தால் வலி என்று நாம்தான் செக்குமாடு போலச் சுற்றியிருக்கிறோம். "உங்கப்பா உன்னை நல்லாத்தான் கவனிச்சிருக்காருடி!" என்று அறைத்தோழி சிரித்தாள். பரீட்சை நாட்களில் நீங்கள் தூக்கம் கலைந்து எழுந்து பால் ஆற்றிக் கொடுத்ததை அவள் பார்த்ததில்லை.

சோயா பால் காபியில் திரிந்துபோகிறது. ஓட்ஸ் பால் பரவாயில்லை, கொஞ்சம் கஞ்சி வாசம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டு டம்ளர் இரண்டு கொடுத்தனுப்புங்கள். இங்கே எல்லாம் கைப்பிடி வைத்த கோப்பைகள், ஆற்ற வரவில்லை.

அறைத்தோழி தபால் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள், இதை அவளிடம் கொடுக்க வேண்டும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நேற்று போனை வைத்ததும் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். நீங்கள் சொன்னபடியே காய்ச்சிச் சூடாகக் குடித்தேன். இன்று வேலைக்குப் போகவில்லை.