கதவைச் சாத்திக்கொண்டு நீ கேட்ட பாட்டு

என் வீம்புக்கார அண்ணனுக்கு,

உன் மூன்று ரெக்கார்டுகளும் பாட்டுப்பெட்டியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. உன் காரியம் முடிந்ததும் அண்ணி கொடுத்தாள். நேற்று பங்காருபேட்டையிலிருந்து புது ஊசி வாங்கி வந்து போட்டேன். பாட்டைக் கேட்கவில்லை அண்ணா. அதற்குப் பின்னால் வேறு சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை, பார்.

நம் சுரங்கக் கூலிக்காரர் லைன் வீடுகளில் பகலில் கதவைச் சாத்தினால் என்ன அர்த்தம்? சுரங்கத்துக் கல்லை ஒளித்துக் கொண்டுவந்து உரலில் இடித்துத் தங்கம் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அது தெரிந்தும் நீ ஷிப்ட் முடிந்து வந்ததும் கதவைச் சாத்துவாய். அந்த அமெரிக்கப் பாட்டுக்குழுவின் ரெக்கார்டுகளைப் போடுவாய். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பம் உனக்கு விட்டுப்போனவை. மூன்று உறையிலும் அதே நான்கு நீளமுடிக்காரர்கள். ரேடியோவில் ஒருநாளும் வராத பாட்டுகள். ஒருவன் கத்துகிறான், கிடார் உறுமுகிறது, டிரம்ஸ் தடதடக்கிறது. நடுவே தரை அதிர, தொம் தொம்! வாசலில் நின்று நானே கேட்டேன். இடிக்கிற சத்தத்தை மறைக்கத்தான் பாட்டு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டு முனுசாமியும் உன்னிடம் நேராகவே கேட்டார். “இன்னா நைனா, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு இன்னா பண்றே?” நீ முறைத்தாய். அந்த வாரமே சுரங்கத்து வாட்ச்மேன்கள் உன் வீட்டைச் சோதனை போட்டார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள், அடுப்பைத் தோண்டினார்கள், ரெக்கார்டு உறைகளைக் கிழித்தார்கள். ஒரு பொடிக்கல் கிடைக்கவில்லை. போட்டுக்கொடுத்தது முனுசாமிதான் என்று சாகும்வரை நீ அவரோடு பேசவில்லை. சுரங்கத்துக்குள் ஒரே கேஜில் தோள் இடிக்க இறங்கும்போதுகூடப் பேசவில்லை.

அவர் இல்லை அண்ணா. நான்தான்.

என் வீட்டுக்காரரும் வாட்ச்மேன் அல்லவா? உன் வீட்டில் கல் பிடிபட்டால் அவர் வேலையும் போய்விடும் என்று பயந்து, சோறு போடும்போது சொல்லிவிட்டேன். “நீ சும்மா கெட, நான் பாத்துக்கிறேன்” என்றார். உன்னைக் கூப்பிட்டுக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் அதுதான்.

அந்தத் தொம் தொம் என்ன என்று நேற்றுதான் அண்ணியைக் கேட்டேன். சிரித்தாள், அப்புறம் அழுதாள். “உங்க அண்ணன் ஆடுவாரும்மா. பாறை ஒடைக்கிற ஆளு ஆடறதப் பாத்தா லைன்ல சிரிப்பாங்கன்னு கதவ சாத்திக்குவாரு. ரெண்டாவது ரெக்கார்டுல மூணாவது பாட்டுன்னா நிக்கவே மாட்டாரு.”

ஆடினாயா? நீயா? என் கல்யாணத்தில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன்! சோதனைக்குப் பிறகு நீ அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லையாம்.

இன்னொரு சந்தேகமும் அரிக்கிறது. சோதனைக்கு அடுத்து வந்த பொங்கலுக்கு வந்தவன் என் வீட்டுக் காப்பியைத் தொடவில்லை. தெரிந்துதான் தொடவில்லையா? தங்கையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் முனுசாமி மேல் பழியைப் போட்டாயா?

உன்னைத் தூக்கியபோது தோள் கொடுக்க வந்தார் அவர். நம் ஆட்கள் தள்ளிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனுசாமி வீட்டுக்குப் போவேன். நான்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகும் என்னை உட்காரச் சொன்னால், கதவை விரியத் திறந்து வைத்து உன் மூணாவது பாட்டைப் போடுவேன். லைனே கேட்கட்டும்.

உன்னைக் கேட்காமல் உன் கதவில் காது வைத்த தங்கை,
சரோஜா