தயிர் சாதத்தில் நான் கலந்தது

அண்ணா,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டாலே யாரோ உன்னைப் பற்றிக் குறிப்பெடுக்கிறார்கள் என்று நடுங்குவாய். இதுவும் உன்னைப் பற்றியதுதான். ஆனால் உனக்கு மட்டும்.

இன்று காலை அம்மாவின் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. கழுவிய பிறகும் குழாயடியிலேயே நின்றுவிட்டேன்.

நீயும் அப்படித்தான் நிற்பாய். பல் துலக்கப் போனால் ஒரு மணி நேரம் பிரஷ் கையிலேயே இருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். "உங்க பையன் டேங்க்கையே காலி பண்ணிகினு இருக்கான், பாருங்க" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா சிரிப்பார். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா "சோம்பேறி" என்று கத்துவார். நீ சோம்பேறி இல்லை. எந்தக் குரலுக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றாய். இது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

அப்பா கம்பெனியில் பர்மனென்ட் தொழிலாளி. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நமக்கு வைத்தியம் இலவசம். ஆனாலும் உன்னைக் கடலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனோம். இங்கே பதிவானால் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும், உன் அப்ரென்டிஸ் வாய்ப்பு போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம். கடலூர் டாக்டர் மனச்சிதைவு என்றார். திரும்பும்போது பஸ் குறிஞ்சிப்பாடியைத் தாண்டியது. அப்போது நீ சொன்னாய்: "டாக்டர் நல்லவருதான் பாப்பா. அப்பாவ விட்டுட்டு என்னையே கேள்வி கேட்டுகினு இருக்காரு, அதான் தப்பு." அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

வீட்டில் நீ மாத்திரையைத் துப்பினாய். மறைத்துக் கொடுக்காதீர்கள், எடுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. பொடித்துத் தயிர் சாதத்தில் கலக்கும் வேலை என்னிடம் வந்தது. மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்த காலேஜ்காரி நான்தானே.

நீ தேறினாய். தினமும் குளித்தாய். டிவி உன்னைக் கண்காணிக்கிறது என்று அதன் மேல் போட்டு மூடியிருந்த துண்டை நீயே எடுத்தாய்.

ஒரு மதியம் தட்டைத் தள்ளினாய். "என்னத்தையோ கலக்குறீங்க."

"ஒண்ணும் இல்லண்ணா."

"அப்ப நீ தின்னு."

நான்கு வாய் தின்றேன். மறுநாள் காலைத் தேர்வில் நாக்கு தடித்து, கண் சொருகி, கேள்வித்தாளில் எழுத்துகள் நகர்ந்தன. இதைச் சுமந்துகொண்டா தினமும் எழுந்தாய் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அன்று மதியமே திரும்பவும் கலந்தேன். நிமிர்ந்தபோது நீ சமையலறை வாசலில் நின்றிருந்தாய். கத்தவில்லை. "பாப்பா, நீயுமா?" என்று மட்டும் கேட்டாய்.

உன் ஆயிரம் பயங்களில் அது ஒன்று நிஜம். நிஜமாக்கியவள் நான்.

அதன்பின் வீட்டில் நீ ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மாத்திரையும் அதோடு நின்றது. குரல்கள் திரும்பின. டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து ஊர் ரோட்டோரக் கடையில் பன் வாங்கித் தின்றாய். ஒரு காலை அங்கிருந்து, கண்ணுக்குத் தெரியாத யாரையோ திட்டிக்கொண்டே ரோட்டில் இறங்கினாய். ஹாரன் அடித்தேன் என்றார் லாரி டிரைவர். அடித்திருப்பார். உனக்குக் கேட்ட எத்தனையோ சத்தங்களில் அதுவும் ஒன்று.

வரும் ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். "அண்ணன் ஆக்சிடென்ட்ல போயிட்டான்னு மட்டும் சொல்லுடி. அந்த வியாதி பேர எடுத்தின்னா ஒருத்தனும் கட்டிக்க மாட்டான்" என்கிறாள் அம்மா. அவள் பயமும் பொய்யில்லை. புதியவர்கள் முன் எனக்கு வாய் திறக்கவே வராது என்பதும் உனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் கேட்டால், உனக்கு மனச்சிதைவு இருந்தது, அதற்கு வைத்தியமும் இருந்தது, நாங்கள்தான் ஒளித்தோம் என்று சொல்ல நினைக்கிறேன்.

இந்த முறை உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன். சொல்லட்டுமா, அண்ணா?