செல்வியோட மரிக்கொழுந்து

ஆவணி, புதன் ராத்திரி.

உடையார்பாளையத்துல அக்கா மகள் செல்வி போட்ட மரிக்கொழுந்து பாதி வயல் கருகிப்போச்சு. முதல் அறுப்புக்கு நின்ன பயிர். தெளிக்கிற கடல்பாசி மருந்து டேங்குக்கு ரெண்டு மூடிதானாம், வீட்டுக்கு வந்து பாட்டிலை இப்பத்தான் படிச்சேன். நான் அரை பாட்டில் ஊத்தச் சொன்னேன். மண்டபத்துக் கடல்ல முங்கிப் பாசி பறிச்சவன்னு அவகிட்ட அளந்து விட்டிருந்தேன். கடலைப் பார்த்ததென்னவோ ரயில் ஜன்னல்லதான்.

"பாட்டில்ல போட்டிருந்ததைப் படிச்சீங்களா மாமா?"ன்னு சாயங்காலம் வயல்ல வச்சுக் கேட்டா.

"படிக்காமயா? கருகித் துளிர்த்தாத்தான் புள்ள வாசம் தூக்கும்"னேன்.

அவ முகம் தெளிஞ்சுது. "அப்ப மீதிக்கும் காலையில அடிச்சிடறேன்"னா.

ஒடம்பு அசந்து கெடக்கு. ஆனாலும் விடியறதுக்குள்ள சைக்கிளை மிதிச்சுப் போயி, படிக்கலைன்னு அவகிட்ட சொல்லணும். வேற எந்தப் பொய்யைச் சொன்னாலும் நம்பிடுவா.