தானா விழுகிற அடைப்புக்குறி

தாராவி, நைன்டி ஃபீட் ரோடு
4.7.2024

எங்க டீச்சரம்மா சஃபீனாவுக்கு, கடைசி பெஞ்சு ஆறுமுகநயினார் கும்பிட்டு எழுதுறது.

போன்ல பேசுனா காதுல பாதிதான் விழுது, அதான் காயிதம். பேறுகாலத்துக்குப் போன நீங்க எங்கள அனந்தகிருஷ்ணன் சார் கையில புடிச்சுக் குடுத்துட்டீயளே! மாட்டுங்கா மனுசன், தங்கமானவரு. ஆனா வந்த அன்னைக்கே கம்ப்யூட்டர்ல நீங்க புரோகிராம் எழுதப் பழக்குன நம்ம தோன்னிய மூடிட்டு, கம்பெனிக்காரன் புரோகிராம் எழுதுற பெரிய சாமான லினக்ஸ்ல ஏத்திட்டாரு. அது திறக்கதுக்குள்ள ஒரு கட்டிங் சாயா குடிச்சிரலாம்.

தையக்காரி பேராச்சி ஒரு அடைப்புக்குறி அடிச்சா, அதுக்குச் சோடி தானா வந்து விழுது. "பாட்டையா, உள்ள யாரோ இருக்காவ"ன்னு எந்திரிச்சுப் போனவதான். மத்த பொம்பளையாளும் ஒவ்வொருத்தியா நின்னுட்டாவ. இப்பிடியே போனா வகுப்பு நடத்துற டிரஸ்ட்காரன் அதயே மூடிருவான். இந்தக் கெழவன படிக்க விடமாட்டீயளா?

உங்க மக்கு மாணவன்
ஆறுமுகநயினார்

அம்பர்நாத்
11.7.2024

அன்புள்ள பாட்டையா,

பெண் குழந்தை. இருவரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். சார் செய்வதும் நியாயம்தானே? வேலைக்குப் போனால் அந்தப் பெரியதுதான். பழைய கம்ப்யூட்டருக்குப் பாரமில்லை, தப்பு எங்கே என்று காட்டுகிறது என்றுதான் தோன்னியை எடுத்தேன். கற்கும்போது நான் பயந்த பெண்; அதனால் உங்களையும் பொத்திப் பொத்தி வளர்த்துவிட்டேனோ என்னவோ. இனி வகுப்பை அவரே நடத்தட்டும் என்று டிரஸ்டுக்கு எழுதப்போகிறேன். பேராச்சியை மட்டும் எப்படியாவது வரச் சொல்லுங்கள்.

சஃபீனா

தாராவி
19.7.2024

டீச்சரம்மாவுக்கு,

பேத்திக்கு முத்தம். டிரஸ்டுக்கு ஒண்ணும் எழுதாதீய!

பேராச்சிய இழுத்துட்டு வந்தேன். "சார், ஒரே ஒரு நாள் தோன்னிய திறந்து விடுங்க, கெழவன் ஆசை"ன்னேன். பாவாடைக்குத் துணி எம்புட்டு வேணும்னு கணக்குப் போட அவ புரோகிராம் எழுதுனா. விடை வந்துச்சு பாருங்க, தாராவிக்கே பந்தல் போடலாம்! உடனே தப்பத் தேட நீங்க காட்டிக் குடுத்த பூச்சி படம் போட்ட பட்டன அமுக்குனா. மஞ்ச வெளிச்சம் வரிவரியா எறங்குச்சு. "ஏ, இங்கன கூட்டாம பெருக்கிட்டேன்!"னு கத்துனா. யாரும் சொல்லல, அவளே புடிச்சா.

சார் கண்ணாடியக் கழத்தித் தொடைச்சாரு. "நான் படிக்கச்சே இது இருந்திருந்தா எவ்வளவு நன்னா இருந்திருக்கும்! இத யாரு தேர்ந்தெடுத்தா?"ன்னாரு. "பயந்த புள்ள ஒருத்தி சார்"னேன். "அப்போ முதல்ல இதுதான், பெரிசு அப்புறம் பாத்துக்கலாம்"னுட்டாரு. நின்னவளுவ எல்லாம் திரும்பி வந்துட்டாளுவ.

பயந்தவ எடுத்ததாலதான தாயி பேராச்சிக்குப் பயம் போச்சு?

நாப்பது கழிஞ்சதும் வாங்க. உங்க நாக்காலியில உக்காரச் சொன்னா சார் மாட்டேங்காரு. எங்க பெஞ்சுலயே வந்து நெருக்கிக்கிட்டு இருக்காரு. எனக்குக் கைய நீட்டி எழுத எடமில்ல.

ஆறுமுகநயினார்